தொகை எழுதாத வரி

"சுவத்துக்குள்ள இருக்கறதுக்கு எப்படிங்க மாஸ்டர் விலை போடறது?" என்று மருதாசலம் கேட்டார்.

அரசி ஏணியின் மேல் நின்று மின்விசிறிக் கொக்கியை ஆட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மருதாசலத்துக்கு ஐம்பத்திரண்டு வயது. மாஸ்டருக்கு முப்பத்து நான்கு. மருதாசலம் இருபத்தாறு வருடம் நூல் மில்லில் எலக்ட்ரீஷியனாக இருந்தவர். மில் மூடிவிட்டார்கள். வீட்டு ஒயரிங் கற்றுக்கொள்ள அரசியிடம் வந்து ஏழு மாதம் ஆகியிருந்தது.

வேலை சொல்லித் தருபவரை மாஸ்டர் என்று கூப்பிடுவது மில் பழக்கம். முதல் நாள் அரசி சிரித்துவிட்டார்.

"நான் என்னங்கண்ணா, பரோட்டாவா போடறேன்?"

"வாய் பழகிருச்சுங்க மாஸ்டர்."

அப்புறம் அரசியும் விட்டுவிட்டார்.

மில்லில் கேபிள்கள் எல்லாம் வெளியே தட்டுகளின் மேல் ஓடும். ஒவ்வொன்றின் கழுத்திலும் ஓர் எண் தொங்கும். வீட்டில் அப்படி இல்லை. பூசி, சுண்ணாம்பு அடித்து, மேலே காலண்டர் மாட்டியிருப்பார்கள். உள்ளே என்ன ஓடுகிறது என்பது போட்டவருக்கே மறந்திருக்கும்.

மருதாசலம் தனியாக இரண்டு எஸ்டிமேட் போட்டிருந்தார். முதல் வீட்டில் கண்ணுக்குத் தெரிந்த பாயிண்டுகளை எண்ணி எழுதினார். சுவரைத் திறந்தபோது பழைய இரும்புக் குழாய்கள் துருப்பிடித்து அடைத்திருந்தன. வீடு முழுக்க ஒயர் போகச் சுவரில் புதிதாகக் காடி வெட்ட வேண்டியதாயிற்று. அவர் கூலி மொத்தமும் அதில் போயிற்று. இரண்டாவது வீட்டில் பயந்துபோய் எல்லாவற்றையும் இரண்டு மடங்காக எழுதினார். வீட்டுக்காரர் காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஏங்க, இதுல செங்கல் சிமெண்ட்டும் சேருமா?" என்று கேட்டார்.

மருதாசலத்தின் மைத்துனர் ஒரு கல்யாண மண்டபத்தில் மேனேஜர். அங்கே வாட்ச்மேன் வேலை காலியாக இருந்தது. வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். யூனிஃபார்ம் தருகிறார்கள், விசில் தருகிறார்கள், மாதம் பிறந்தால் சம்பளம் என்று மைத்துனர் சொல்லியிருந்தார். மருதாசலத்தின் மனைவி அவருடைய சட்டை அளவைத் தன் தம்பிக்கு அனுப்பி வைத்தார்.

"அடுத்த எஸ்டிமேட்டும் நிக்கலைன்னா விசில்தானுங்க மாஸ்டர்" என்றார் மருதாசலம்.

அரசி ஏணியிலிருந்து இறங்கிக் கையைத் துடைத்துக்கொண்டார்.

"நாளைக்கு நாகமணியம்மா வீட்டுக்கு நீங்கதான் எஸ்டிமேட் போடறீங்க. நானும் வர்றேன். ஆனா வாய் திறக்க மாட்டேன்."

"சந்தேகம் வந்தா?"

"ஒரு தடவை கேக்கலாம்."

*

நாகமணியின் வீடு ஒரு பெரிய வீட்டின் பாதி.

பதினோரு வருடத்துக்கு முன் அண்ணன் தம்பி இருவரும் பாகம் பிரித்துக்கொண்டார்கள். நடுவில் சுவர் எழுந்தது. இந்தப் பக்கம் அண்ணன் குடும்பம். அந்தப் பக்கம் தம்பி கனகராஜ். அன்றோடு பேச்சு நின்றது. நான்கு வருடத்துக்கு முன் அண்ணன் இறந்தபோது கனகராஜ் வந்து வாசலில் நின்றார். மயானம் வரை நடந்தார். திரும்பி வந்து தன் கதவைச் சாத்திக்கொண்டார். இப்போது இந்தப் பாதியில் அண்ணன் மனைவி நாகமணி தனியாக இருந்து இட்லி மாவு ஆட்டி விற்கிறார்.

"கிரைண்டரைத் தொட்டாச் சுரீருங்குது தம்பி. ரப்பர் செருப்புப் போட்டுட்டுத்தான் மாவு வழிக்கிறேன்."

"எத்தனை நாளாங்கக்கா?"

"தீபாவளியிலிருந்து."

"தெனமுமா?"

"மாவு தெனமும்தானே விக்குது?"

மருதாசலம் டேப்பை எடுத்தார். அறை அறையாக அளந்தார். ஒவ்வொரு விளக்கையும், விசிறியையும், பிளக்கையும் நோட்டில் குறித்தார். அரசி மாவு டின் ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து நாகமணி கொடுத்த டீயைக் குடித்துக்கொண்டிருந்தார்.

"முப்பத்தொரு பாயிண்ட் மாஸ்டர்."

அரசி எழுந்தார். கட்டிலுக்கு அடியில் கிடந்த எக்ஸ்டென்ஷன் பெட்டியைக் கால் விரலால் வெளியே தள்ளினார். ஜன்னல் கம்பியில் ஒன்று தொங்கியது, அதைத் தட்டிவிட்டார். பிரிட்ஜ் மேல் இருந்த மூன்றாவதைத் தட்டிவிட்டு வந்து மறுபடி டின் மேல் உட்கார்ந்தார்.

மருதாசலம் நோட்டைப் பார்த்தார். முப்பத்தொன்றை அடித்து முப்பத்து நான்கு என்று எழுதினார்.

"வீட்டுல இல்லாத பிளக்கையும் எண்ணணுமுங்களா?"

அரசி டீயைக் குடித்தார்.

"அந்த ஒரு கேள்வியை இப்பக் கேக்கறேனுங்க மாஸ்டர். வெளிய இருக்கறதை எண்ணிட்டேன். உள்ள இருக்கறது?"

"மெயினை அணைச்சுட்டு, எது எரியுதுன்னு பாருங்க."

"அணைச்சா எதுங்க எரியும்?"

"அணைச்சுட்டுப் பாருங்கண்ணா."

மருதாசலம் போர்டின் முன் நின்று மெயினை இறக்கினார். விசிறி மெதுவாகி நின்றது. பிரிட்ஜ் ஒருமுறை குலுங்கி அடங்கியது. இதுவரை கேட்காத வீதிச் சத்தம் உள்ளே வந்தது. அவர் டெஸ்டருடன் ஒவ்வொரு அறையாகப் போனார். கூடம் செத்திருந்தது. சமையலறை செத்திருந்தது. படுக்கையறையும் அப்படியே.

பூசையறையில் ஒரு சிவப்பு ஜீரோ பல்பு எரிந்துகொண்டிருந்தது.

அவர் திரும்பி வந்து மெயினைப் பார்த்தார். இறங்கித்தான் இருந்தது. மறுபடி போனார். முருகன் படம், பக்கத்தில் வயதான அம்மாள் ஒருவரின் போட்டோ, இரண்டுக்கும் நடுவில் அந்தப் பல்பு. அதன் சுவிட்சில் டெஸ்டரை வைத்தார். டெஸ்டர் எரிந்தது.

வேலையை இந்த அறையில்தான் தொடங்குவதாக அவர் நினைத்திருந்தார். இருப்பதிலேயே சின்ன அறை. மெயினை அணைத்துவிட்டோம் என்ற நம்பிக்கையில் முதலில் இந்த ஒயரைத்தான் கையில் பிடித்திருப்பார். டெஸ்டரைச் சட்டைப் பையில் வைத்தார். வைத்ததை மறந்து கீழே தேடினார்.

"அது அணையாதுங்க தம்பி" என்றார் நாகமணி, பின்னால் வந்து நின்று. குரலில் பெருமை இருந்தது. "பியூஸ் போனாலும் அது மட்டும் நின்னு எரியும். என்ற வூட்டுக்காரரு போன அன்னிக்கு வூடே இருட்டாக் கெடந்துச்சு. அது எரிஞ்சுது. வீதியில எல்லார்த்துக்கும் தெரியும். செவ்வாய்க்கெழமையானா சாயங்காலம் நாலு பேரு வந்து கும்பிட்டுட்டுப் போவாங்க."

"வீதிக்கே கரண்ட் போனா?"

"அப்ப அணையும். ஊருக்கே இல்லாதப்ப முருகன் மட்டும் தனியா வெச்சுக்குவாரா?"

மருதாசலம் அரசியைப் பார்த்தார். அரசி டீ கிளாசின் அடியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பல்பின் ஒயர் மரச் சட்டத்துக்குள் மேலே ஏறியது. உத்தரத்தை ஒட்டிப் போனது. நடுச்சுவரைத் தொட்டது. உள்ளே மறைந்தது.

"அக்கா, இது உங்க மீட்டர்ல எரியலைங்க."

"பின்னே?"

மருதாசலம் சுவரைக் காட்டினார்.

நாகமணி சுவரைப் பார்த்தார். பல்பைப் பார்த்தார். பிறகு வாசற்படியைப் பிடித்துக்கொண்டு மெதுவாகத் தரையில் உட்கார்ந்தார்.

"அந்த வூட்டுத் தண்ணி ஒரு சொட்டு குடிச்சதில்லைன்னு பதினோரு வருசமா எல்லார்த்துக்கிட்டயும் சொல்லிட்டிருக்கறேன்."

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"இன்னிக்குச் செவ்வாய். சாயங்காலம் வர்றவங்ககிட்ட என்னன்னு சொல்லுவேன்?"

"அதை நீங்க சொல்லணும்னு இல்லைங்கக்கா."

"சரி, ஒண்ணு பண்ணுங்க. இந்தப் பக்கமா வெட்டி, டேப்பைச் சுத்தி, சுவத்துக்குள்ள தள்ளிப் பூசிருங்க. புதுசா வேற பல்பு மாட்டிக்கலாம். அந்த மனுசனுக்குத் தெரியவே வேண்டாம்."

"அங்கிருந்து கரண்ட் வந்துட்டேதான் இருக்குமுங்க. சுவத்துல ஒரு ஆணி அடிச்சாப் போதும்."

"நான் ஆணி அடிக்க மாட்டேன்."

"உங்களுக்கப்புறம் இருக்கறவங்க அடிப்பாங்க."

"பேரைப் பாரு, மருதாசலம்! முருகன் பேரை வெச்சுக்கிட்டு முருகன் வெளக்கை அணைக்க வந்திருக்கறீங்க."

மருதாசலத்துக்கு முகம் சுருங்கியது. ஆனால் குரல் மாறவில்லை.

"மில்லுல நாங்க பியூஸ் கட்டையைக் கழட்டிச் சட்டைப் பையில போட்டுக்கிட்டுத்தான் ஒயர்ல கை வெப்போமுங்க. கட்டை என் பையில இருந்தா யாரும் தெரியாம ஆன் பண்ண முடியாது. இந்த ஒயரோட கட்டை அந்த வீட்டுல இருக்குது. அது என் பைக்கு வராம இந்தச் சுவத்துல நான் உளி வெக்க மாட்டேன்."

அவர் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து, மேலே தன் பேரையும் போன் நம்பரையும் போட்டு எஸ்டிமேட் எழுதினார். முப்பத்து நான்கு பாயிண்ட், பொருள் தனி, கூலி தனி. கிரைண்டருக்குத் தனி லைன். புது எர்த். காடி வெட்டுவது, திரும்பப் பூசுவது. பழைய குழாய் அடைத்திருந்தால் எவ்வளவு கூடும், அடைக்காமல் இருந்தால் எவ்வளவு குறையும் என்று இரண்டையும் எழுதினார். ஒவ்வொன்றுக்கும் எதிரில் தொகை எழுதினார்.

கடைசியாக ஒரு வரி சேர்த்தார்.

"பூசையறை விளக்கு: இதைப் பக்கத்து வீட்டு போர்டிலிருந்து கழற்ற வேண்டும். கழற்றாமல் வேலை தொடங்க முடியாது. உயிருக்கு ஆபத்து. கனகராஜ் அவர்களிடம் வீட்டுக்காரர் சொல்ல வேண்டும்."

அதன் எதிரே தொகை இருக்க வேண்டிய இடத்தில் பேனாவைக் கொஞ்ச நேரம் வைத்திருந்தார். பிறகு ஒரு கோடு மட்டும் போட்டார்.

நாகமணி கண்ணாடி போட்டுக்கொண்டு முழுவதும் படித்தார்.

"நெசமாத்தான் போட்டிருக்கறீங்க. முன்னாடி ஒருத்தர் வந்தாரு, வெத்தலைப் பாக்குக் கடையில கணக்குச் சொல்ற மாதிரி வாயிலயே ஒரு தொகையைச் சொல்லிட்டுப் போனாரு. இது பரவாயில்லை. இந்தக் கடைசி வரியை மட்டும் அடிச்சிருங்க. இப்பவே அட்வான்ஸ் வாங்கிக்குங்க."

இடுப்பிலிருந்த சுருக்குப் பையை எடுத்துப் பிரித்தார். உள்ளே நோட்டுகள் நான்காக மடித்திருந்தன. அவற்றை எடுத்து நீட்டினார்.

மருதாசலம் நோட்டுகளைப் பார்த்தார். அரசியைத் திரும்பிப் பார்த்தார்.

அரசி குழாயடியில் முதுகைக் காட்டி நின்று டீ கிளாசைக் கழுவிக்கொண்டிருந்தார். ஒரு கிளாசைக் கழுவ அவ்வளவு நேரம் ஆகாது.

"அடிக்க முடியாதுங்கக்கா."

"ஏன், பேனாவுல மசி தீந்துபோச்சா?"

"மசி இருக்குதுங்க."

"அப்ப வேற ஆளு வருவாங்க."

"வரட்டுங்க. அவங்ககிட்டயும் இந்தக் காகிதத்தைக் காட்டிருங்க."

"நீங்க செய்யாத வேலைக்கு உங்க காகிதம் எதுக்கு?"

"அவரும் மெயினை இறக்கிட்டு நம்பித்தானுங்களே கை வெப்பாரு."

நாகமணி நோட்டுகளை மடித்துப் பைக்குள் வைத்து, கயிற்றை இழுத்தார்.

கிளம்புமுன் மருதாசலம் கிரைண்டரின் பிளக்கைக் கழற்றிப் பார்த்தார். எர்த் ஒயர் அறுந்து தனியாகக் கிடந்தது. சீவி, முறுக்கி, மாட்டினார். போர்டுப் பக்கமும் ஒரு ஸ்க்ரூ தளர்ந்திருந்தது. முடுக்கினார். மெயினை ஏற்றிவிட்டு, கிரைண்டரை ஓடவிட்டு டெஸ்டரை வைத்துக் காட்டினார்.

"இது போதாதுங்க. நாலு நாளைக்குத் தாங்கும். அதுக்குள்ள யாரையாவது வெச்சு வேலையை ஆரம்பிச்சிருங்க. செருப்பைக் கழட்டாதீங்க."

"இதுக்கு எவ்வளவு?"

"எஸ்டிமேட்டுல இல்லைங்க."

காகிதத்தை மாவு அளக்கும் படிக்கு அடியில் வைத்துவிட்டு வெளியே வந்தார்.

ஸ்கூட்டரில் அரசியின் பின்னால் உட்கார்ந்து வந்தார். இரண்டாவது சிக்னலில் கேட்டார்.

"தப்புங்களா மாஸ்டர்?"

"எறங்குங்கண்ணா" என்றார் அரசி. "பெட்ரோல் போடணும்."

*

அன்று செவ்வாய்க்கிழமை. புதனன்று போன் வரவில்லை. வியாழனன்று இரண்டு முறை வந்தது. ஒன்று கடன் வேண்டுமா என்று கேட்டது. இன்னொன்று மைத்துனர்.

"ஓனர் நாளைக்குப் பத்தரைக்கு வர்றாரு மச்சான். அவரு வர்றப்ப நீங்க கேட்டுல நின்னாப் போதும். பேசக்கூட வேண்டாம்."

"நிக்கறேன்."

வெள்ளிக்கிழமை காலை மனைவி தேய்த்த சட்டையை எடுத்து வைத்தார். மருதாசலம் பட்டன் போட்டுக்கொண்டிருந்தபோது போன் அடித்தது.

"மருதாசலமுங்களா? நான் கனகராஜ். உங்க கையெழுத்துல ஒரு காகிதம் இங்க இருக்குது. கொஞ்சம் வந்துட்டுப் போக முடியுமா?"

"உங்ககிட்ட எப்படிங்க வந்துச்சு?"

"மதில் மேல ஒரு கல்லுக்கு அடியில இருந்துச்சு."

மணி ஒன்பதே முக்கால். மண்டபம் ஊரின் ஒரு கோடி. நாகமணியின் வீதி மறு கோடி.

மருதாசலம் சட்டையின் மேல் பட்டனைப் போட்டார். கழற்றினார்.

"எங்க போறீங்க?" என்று மனைவி கேட்டார்.

"ஒரு ஒயர்ல இன்னும் கரண்ட் இருக்குது."

மனைவி கொஞ்ச நேரம் அவரையே பார்த்தார். பிறகு உள்ளே போய் டூல்ஸ் பையை எடுத்து வந்து கொடுத்தார்.

*

கனகராஜ் கண்ணாடியை மூக்கு நுனியில் வைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றிருந்தார். பள்ளிக்கூடத்தில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். கையில் அந்தக் காகிதம். ஓரத்தில் மாவு ஒட்டிக் காய்ந்திருந்தது.

"கனகராஜ் அவர்கள்னு எழுதியிருக்கறீங்க."

"ஆமாங்க."

"அந்த வூட்டுல இருந்து என்ற பேரு வந்து ரொம்ப வருசமாச்சு."

அவர் உள்ளே அழைத்துப் போய் போர்டைக் காட்டினார். பீங்கான் பியூஸ் கட்டைகள் ஆறு வரிசையாக இருந்தன. ஐந்து வெள்ளை. ஒன்றின் மேல் மட்டும் சிவப்பு டேப் சுற்றிச் சுற்றி, கட்டையே தெரியாமல் மூடியிருந்தது.

மருதாசலம் அதையே பார்த்தார்.

"உங்களுக்கு முன்னாடியே தெரியுமுங்களா?"

"பாகம் பிரிச்ச அன்னிக்கே தெரியும். ஒயர்மேன் கேட்டான், இது ஒண்ணு அந்தப் பக்கம் போகுது, வெட்டிரட்டுமான்னு. வேண்டான்னுட்டேன்."

"ஏனுங்க?"

"பூசையறை அவங்க பங்குக்குப் போயிருச்சு. அந்தப் பல்புக்குப் பக்கத்துல ஒரு போட்டோ இருக்குமே, பாத்தீங்களா?"

"பாத்தேனுங்க."

"என்ற அம்மா."

கனகராஜ் காகிதத்தை நான்காக மடித்தார். மறுபடி பிரித்தார்.

"ஊருக்குப் போறப்ப மத்த அஞ்சையும் கழட்டிட்டு இதை மட்டும் விட்டுட்டுப் போவேன். யாரும் தெரியாம இழுத்துரக் கூடாதுன்னு டேப் சுத்தி வெச்சேன்."

"அண்ணிகிட்ட சொல்லியிருக்கலாமுங்களே."

"முருகன் எரிக்கறாருன்னு வீதியே பேசுச்சு. நான் எதுக்குங்க குறுக்க?"

சொல்லிவிட்டு அவரே கொஞ்சம் சிரித்தார். பிறகு கேட்டார்.

"கழட்டியே ஆகணுமா?"

"ஆகணுமுங்க."

"வேற வழி இல்லையா? நல்லா யோசிச்சுப் பாத்தீங்களா?"

"மூணு நாளா யோசிச்சேனுங்க. ஒரு சுவத்துக்குள்ள ரெண்டு வீட்டுக் கரண்ட் இருக்கக் கூடாது. ஒரு வீட்டுல அணைச்சுட்டு நம்பிக் கை வெக்கறவங்க செத்துருவாங்க. அந்தப் பக்கம் கை வெக்கப் போறவன் நானுங்க."

கனகராஜ் அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"அப்ப நீங்களே கழட்டுங்க. என்னால ஆகாது."

மருதாசலம் டேப்பின் நுனியைத் தேடிப் பிடித்து உரித்தார். மேல் சுற்று புதிதாக, பளபளப்பாக இருந்தது. அடுத்தது கொஞ்சம் வெளிறியிருந்தது. உள்ளே போகப் போக டேப் காய்ந்து துண்டு துண்டாக உதிர்ந்தது. ஒரே நாளில் சுற்றியது அல்ல.

கட்டையைப் பிடித்து வெளியே இழுத்தார். சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். தேய்த்த சட்டையில் பை புடைத்துக்கொண்டு நின்றது.

வீடு அமைதியாக இருந்தது. சுவருக்கு அந்தப் பக்கமும் சத்தமில்லை.

பிறகு நாகமணியின் குரல் வந்தது.

"அணைஞ்சிருச்சு!"

யாருக்குச் சொன்னார் என்று தெரியவில்லை. பேர் சொல்லவில்லை. கனகராஜ் அசையாமல் நின்றார்.

"கேக்குதா?" என்றது குரல்.

கனகராஜ் கண்ணாடியைக் கழற்றினார்.

"கேக்குதுங்கண்ணி" என்றார்.

உரக்கச் சொல்லவில்லை. அது சுவரைத் தாண்டிப் போயிருக்குமா என்று மருதாசலத்துக்குத் தெரியவில்லை. ஆனால் அந்தப் பக்கம் அதற்குப் பிறகு கிரைண்டர் ஓடத் தொடங்கியது.

அவர் வெளியே வந்தபோது நாகமணி தன் வீட்டு வாசலில் நின்றிருந்தார். சுருக்குப் பை கையில் இருந்தது. நான்காக மடித்த நோட்டுகளை மருதாசலத்தின் கையில் வைத்தார்.

"நாளைக்கே ஆரம்பிச்சிருங்க. பூசையறையில ரெண்டு பல்பு வெச்சிருங்க."

"ரெண்டுங்களா? அப்ப முப்பத்தஞ்சு பாயிண்ட் ஆகுமுங்க."

"ஆகட்டும். ஒண்ணு முருகனுக்கு. ஒண்ணு என்ற மாமியாளுக்கு. போட்டோவை நல்லாத் தெரியற மாதிரி வெளிய எடுத்து மாட்டுங்க. யாராச்சும் வந்து பாக்கோணும்னா உள்ள வரைக்கும் வர வேண்டியதில்லை. வாசல்ல நின்னாத் தெரியோணும்."

"செவ்வாய்க்கெழமை வர்றவங்களுக்குங்களா?"

"அவங்களுக்குந்தான்."

மணி பதினொன்றைத் தாண்டியிருந்தது. போனில் மைத்துனரின் ஏழு அழைப்புகள் இருந்தன. கூடவே ஒரு போட்டோ. மண்டப வாசலில் யாரோ ஓர் ஆள் புது யூனிஃபார்மில் நின்றிருந்தார். சட்டை அவருக்குத் தொளதொளவென்று இருந்தது. அது மருதாசலத்தின் அளவு.

மருதாசலம் வரும் வழியில் போனில் சொல்லியிருந்ததால், வீதி முனையில் அரசி ஸ்கூட்டரில் காத்திருந்தார்.

மருதாசலம் அட்வான்ஸைக் காட்டினார். பையிலிருந்த பியூஸ் கட்டையைக் காட்டினார். நடந்ததை ஒன்று விடாமல் சொன்னார். அரசி கேட்டுக்கொண்டார். ஸ்கூட்டரைக் கிளப்பினார்.

மருதாசலம் ஏறவில்லை.

"மாஸ்டர், ஒண்ணு கேக்கணும்."

"ஒரு கேள்விதான்னு சொன்னேனே. அதை அன்னிக்கே கேட்டுட்டீங்க."

"இது வேறைங்க. அன்னிக்கு அந்தம்மா பணத்தை நீட்டினப்ப நான் உங்களைத்தான் பாத்தேனுங்க. நீங்க திரும்பவே இல்லை. என் நெலமை உங்களுக்குத் தெரியும். அடிக்காதீங்கன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். இல்லை, அடிச்சுட்டு வாங்க, நான் பாத்துக்கறேன்னாவது சொல்லியிருக்கலாம். அவ்வளவு நேரமா ஒரு கிளாசைக் கழுவிட்டு என்னங்க பண்ணினீங்க?"

அரசி ஹெல்மெட்டின் வாரை மாட்டினார்.

"மெயினை அணைச்சுட்டு, எது எரியுதுன்னு பாத்துட்டிருந்தேங்கண்ணா."